புதையலும் நிலமும்

விவிலியத்தில் யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் விரைந்து கடந்து விடுகிறோம். துன்பத்தின் பொருள் யாது என்னும் வழக்காடலுக்கு நடுவே, சற்றும் எதிர்பாராத வகையில், சுரங்கம் வெட்டும் மனிதன் ஒருவனை அந்நூல் நம்முன் நிறுத்துகிறது. ஆள் நடமாட்டமற்ற மலையில் தொங்கியபடி, இருளுக்கு எல்லை கட்டி, பாறையைக் குடைந்து, பறவையின் கூர்மையான கண்ணுக்கும் புலப்படாத வழியை அவன் காண்கிறான். அவனது திறமையை அந்நூல் இகழவில்லை, வியந்து போற்றுகிறது. வியந்த பின்னரே, மண்ணுக்குள் மறைந்த செல்வத்தைக் காணத் தெரிந்த மனிதன் ஞானத்தை எங்கே காண்பான் என்று கேட்கிறது.

இக்கேள்வி பழைய கேள்வி அன்று. மின்சாரமின்றி வாழ இயலாத நாம், அம்மின்சாரத்தைச் சுமக்கும் செம்பைத் தேடி உலகின் கடைசி மூலைகளுக்கும் ஆள் அனுப்பிக் கொண்டிருக்கிறோம். எளிதில் எட்டும் தாதுக்கள் பெரிதும் எடுக்கப்பட்டு விட்டன. எனவே தேடுவோர், பனியாறுகள் உழுது சென்ற உயர்ந்த மலைகளை நோக்கி ஏறுகின்றனர். அங்கே செம்பும், அதனுடன் உடனுறையும் மாலிப்டினமும் கிடைக்கின்றன. இங்கே ஓர் அறநெறி வினா எழுகிறது. தேடுவது குற்றமா? குற்றமில்லை எனில், தேடிக் கண்டவனுக்கு எடுக்கும் உரிமையும் தானாகவே வந்துவிடுகிறதா?

இரண்டு உலோகங்கள்

செம்பை நாம் அறிவோம். தண்ணீர்க் குடமாகவும், கோயில் மணியின் வெண்கலமாகவும் நம் முன்னோர் கையாண்ட உலோகம் அது. மாலிப்டினத்தின் பெயர் நம்மில் பலருக்குப் புதிது. அதன் தாது பார்வைக்குக் காரீயம் போன்றிருந்ததால், காரீயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அது காரீயம் அன்று என்பதை 1778இல் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே காட்டினார். 1781இல் யெல்ம் என்பவர் அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தார். 2,600 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்திலேயே அது உருகும். எஃகில் சிறிதளவு சேர்த்தால், அந்த எஃகு வெப்பத்தையும் அரிப்பையும் தாங்கி நிற்கும்.

இவ்வுலோகம் நம் வயல்களுக்கும் அந்நியமன்று. உளுந்து, துவரை போன்ற பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன. அப்பணியைச் செய்யும் நொதியின் நடுவே மாலிப்டினம் அமர்ந்திருக்கிறது. மிகமிகச் சிறிதளவே அதற்குப் போதும். அதே மாலிப்டினம் மேய்ச்சல் நிலத்தில் மிகுந்துவிட்டால், கால்நடையின் உடல் செம்பை ஏற்க இயலாமல் நோயுற்று மெலிகிறது. படைப்பில் எப்பொருளும் தன்னில் தீயதன்று. அளவும் இடமும் முறையும் தவறும்போதுதான் நன்மை தீமையாகிறது என்னும் நம் இறையியலின் பழைய பாடத்தை இவ்வுலோகம் தன்னளவில் உரைக்கிறது எனலாம்.

ஆகவே, மின்விளக்கின் கீழ் அமர்ந்து செபமாலை சொல்லும் நாம், சுரங்கம் தோண்டுவோரை வாய் கூசாமல் சபிக்க இயலாது. அவர்கள் நமக்காகவே தோண்டுகிறார்கள். இதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

பனியின் தடம் பற்றி

பனியாறு படர்ந்த நிலத்தில் கனிமம் தேடுவது பொறுமை மிக்க கலை. பனியாறு என்பது நின்ற பனியன்று. தன் எடையால் மெல்ல நகரும் பனி. அது மலையைச் சுரண்டி, உடைந்த கற்களைத் தன்னுடன் தூக்கிச் சென்று, உருகுமிடத்தில் கொட்டிவிடுகிறது. எனவே தாதுக் கல் ஒன்று கையில் கிடைத்தால், தாது அங்கே உள்ளது என்று பொருளன்று. அக்கல் வெகு தொலைவிலிருந்து வந்த விருந்தாளியாக இருக்கலாம். தேடுபவர் பாறைமீது பனி கீறிய கோடுகளைப் படித்து, பனி எத்திசையிலிருந்து வந்தது என அறிந்து, எதிர்த்திசையில் நடக்க வேண்டும்.

மலையற்ற பின்லாந்து நாட்டிலும் இதே முறை பயன்பட்டது. 1908இல் அங்கே கால்வாய் வெட்டியபோது, செம்புத் தாது நிறைந்த பாறை ஒன்று அகப்பட்டது. ஓட்டோ ட்ரூஸ்டெட் என்னும் பொறியாளர் அது வந்த வழியைப் பின்னோக்கித் தொடர்ந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால், 1910இல் அவுட்டோகும்பு என்னுமிடத்தில் தாய்ப்பாறையைக் கண்டடைந்தார். பின்னர், 1960களில், கந்தக வாடை வீசும் தாதுக் கற்களை மோப்பம் பிடிக்க நாய்களையும் அந்நாட்டினர் பழக்கினர்.

மலைகளில் ஓடைதோறும் வண்டல் எடுத்துச் சோதிப்பர். எந்த ஓடையில் செம்பின் சாயல் மிகுகிறதோ அவ்வோடையின் வழியே மேலேறுவர். துருவேறிச் சிவந்த பாறைச் சரிவுகளை நோக்குவர். இறுதியில் வைரமுனைத் துளைக்கருவியால் பாறையின் ஆழத்திலிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்து ஆய்வர். ஒரு நிலத்தின் நெடிய வரலாற்றை இவ்வளவு பணிவோடு படிக்கும் கல்வியில் குற்றம் காண நமக்கு மனமில்லை.

குருமடத்தில் தூய தோமா அக்குவினாஸைக் கற்ற நாட்களில், அவர் கற்றலார்வத்தையும் வீணார்வத்தையும் பிரித்துக் காட்டிய பகுதி நம்மைக் கவர்ந்ததுண்டு. உண்மையை அறிதல் தன்னில் நன்மையே என்பது அவர் கொள்கை. ஆயினும் அறியும் வேட்கை நெறி பிறழலாம். செருக்கிற்காகவோ தீச்செயலுக்காகவோ அறிய விழைவதும், படைப்பைப் படைத்தவரோடு இணைத்துப் பாராமல் அறிய முயல்வதும் வீணார்வமே. அங்ஙனமாயின் கனிமத் தேடலின் அறம், கல்லைப் படிக்கும் முறையில் இல்லை. எதற்காகப் படிக்கிறோம், படித்து முடித்தபின் என்ன செய்யத் துணிகிறோம் என்பதில் இருக்கிறது.

நிலத்தை வாங்கிய மனிதன்

கண்டதற்கும் கொள்வதற்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றி ஆண்டவரின் உவமை ஒன்று உண்டு. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், நிலத்தில் மறைந்திருந்த புதையலை ஒருவர் காண்கிறார். உடனே அள்ளிக்கொண்டு ஓடவில்லை. மகிழ்ச்சியோடு சென்று, தமக்குள்ள யாவற்றையும் விற்று, அந்த நிலத்தை வாங்குகிறார். இவ்வுவமை விண்ணரசைப் பற்றியது. நிலச் சட்டத்தைப் பற்றியதன்று. ஆயினும் ஒரு சிறு குறிப்பு நம் சிந்தனைக்கு ஒளி தருகிறது. அவர் புதையலை மட்டும் வாங்கவில்லை, நிலத்தை வாங்கினார். நிலத்தின் கல்லும் முள்ளும் வரப்பும் வாய்க்காலும் அவர் பொறுப்பாயின. அதற்காக அவர் கொடுத்த விலையும் தம் உடைமை முழுவதும்.

புதையலை வேண்டுபவர் நிலத்தையும் சுமக்க வேண்டும். இதுவே நாம் இக்கட்டுரையில் சொல்ல விழைவது. இந்த அளவுகோலை மூன்று மலைகளின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

மூன்று மலைகள்

முதலாவது, அலாஸ்காவில் பனியாற்றின் ஓரத்தில் அமைந்த கெனிகாட். அப்பகுதியின் தொல்குடியினரான அட்னா மக்கள் செம்பை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அதனால் கருவிகள் செய்தனர். 1899இல் அவர்களுடைய தலைவர் நிக்கொலாய், செம்பு இருக்கும் இடம் ஒன்றை வெளியிலிருந்து வந்த தேடுவோருக்கு உணவுப் பொருளுக்கு ஈடாகத் தெரிவித்தார். அடுத்த ஆண்டே, 1900இல், அதே மலைப்பகுதியில் வேறு இருவர் உச்சிச் சரிவில் பச்சை நிறத்தைக் கண்டனர். புல்வெளி என்று அவர்கள் எண்ணியதாகக் கூறுவர். அது புல்லன்று, உலகிலேயே செறிவு மிக்க செம்புத் தாதுக்களுள் ஒன்று. பனியோடு உறைந்து கிடந்த கற்குவியலில்கூடச் செம்பு இருந்தது.

அதை எடுத்துச் செல்ல 196 மைல் இருப்புப்பாதை போடப்பட்டு 1911இல் முடிந்தது. 1938 வரை ஏறத்தாழ 20 கோடி டாலர் மதிப்புள்ள செம்பு அம்மலையிலிருந்து இறங்கியது. தாது தீர்ந்ததும், 1938இல் கடைசித் தொடர்வண்டி புறப்பட்டது. மலைச்சரிவில் 14 அடுக்குகளாக எழுந்து நின்ற ஆலையோடு ஊர் வெறுமையாயிற்று. அந்த ஆலை இன்று தேசியப் பூங்கா ஒன்றினுள் பார்வையாளர்கள் காணும் நினைவுச்சின்னம். செல்வம் தொலைவிலிருந்த முதலீட்டாளர்களிடம் சேர்ந்தது. பசித்த மக்களுக்கு உணவைக் கொடுத்து இரகசியத்தை வாங்குவது சட்டப்படி ஒப்பந்தமாக இருக்கலாம், அது நீதியாகுமா? பசியினால் ஒப்புக்கொண்ட கூலி நீதியான கூலி ஆகிவிடாது என்று, திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். அக்கோட்பாடு இங்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

இரண்டாவது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள கிளைமாக்ஸ். 1879இல் சார்லஸ் சென்டர் என்பவர் அங்கே சாம்பல் நிறத் தாதுவைக் கண்டார். அது என்னவென்று அவருக்கு நெடுநாள் தெரியவில்லை. தெரிந்தபோதும் அதற்கு வாங்குவார் இல்லை. முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிக்கும் கவசத்திற்கும் வலிய எஃகு வேண்டியிருந்தது. 1918ஆம் ஆண்டளவில் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. பின்னர் நெடுங்காலம் உலகின் மாலிப்டினத்தில் பெரும்பகுதி இம்மலையிலிருந்தே வந்தது. 1990களில் நின்ற பணி 2012இல் மீண்டும் தொடங்கியது.

தாதுப் பாறையை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின், எஞ்சிய சேற்றை எங்கே கொட்டுவது? கீழேயுள்ள பள்ளத்தாக்கில் கொட்டினர். ராபின்சன், கோகோமோ, ரீசன் என்னும் பழைய ஊர்கள் இருந்த இடங்கள் இன்று அக்கழிவின் அடியில் உள்ளன. அவை முன்பு வெள்ளிச் சுரங்கத்தால் தோன்றிய ஊர்கள். ஒரு தேடலால் பிறந்து, மற்றொரு தேடலால் மூடப்பட்டன. இதில் யாரையும் கொடியவர் என்று சொல்லத் தேவையில்லை. நூறு கிலோ பாறையில் ஒரு கிலோ உலோகம்கூட இல்லாதபோது, எஞ்சிய தொண்ணூற்றொன்பது கிலோவும் எங்கேனும் கிடந்துதானே ஆகவேண்டும்? புதையலைவிட நிலம் எப்போதும் பெரியது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

மூன்றாவது மலை, அதே கொலராடோவில் கிரெஸ்டட் பியூட் என்னும் சிற்றூருக்கு மேலே நிற்கும் எம்மன்ஸ் மலை. பனியாறு குடைந்த அதன் செந்நிறக் குடைவைக் கண்டு ஊரார் அதனைச் செவ்வண்ணச் சீமாட்டி என்று அழைப்பர். அவ்வூரே நிலக்கரி தோண்டிப் பிழைத்த ஊர். பெரிய சுரங்கம் 1952இல் மூடப்பட்டது. 1977இல் அமாக்ஸ் என்னும் நிறுவனம் அம்மலைக்குள் பெரும் மாலிப்டினப் படிவு இருப்பதாக அறிவித்தது. ஊரின் குடிநீர் வரும் ஓடை அம்மலையடியில் ஓடுகிறது. பழைய சுரங்கம் ஒன்றிலிருந்து அமிலநீர் அவ்வோடையில் ஏற்கனவே கலந்து வந்தது. கந்தகம் கலந்த தாதுப்பாறை காற்றையும் நீரையும் சந்தித்தால் அமிலம் சுரக்கும். எனவே ஊரார் எதிர்த்தனர்.

1980களின் தொடக்கத்தில் மாலிப்டினத்தின் விலை வீழ்ந்தது, நிறுவனம் பின்வாங்கியது. ஆனால் உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது, எதிர்ப்பும் ஓயவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த இழுபறி, 2024இல் உரிமையாளர், அரசு, ஊரார் மூவரும் ஒப்பிய உடன்பாட்டால் முடிவுற்றது; அங்கே இனிச் சுரங்கம் இல்லை என்றாயிற்று. பழைய சுரங்கத்தின் நீரைச் சுத்திகரிக்கும் பணி மட்டும் தொடர்கிறது. எடுத்து முடித்தவர்கள் மறைந்த பின்னும், நிலம் தன் விலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இங்கே குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1872இல் இயற்றப்பட்ட சுரங்கச் சட்டம், பொது நிலத்தில் கனிமம் கண்டவர் அந்நிலத்தை ஏக்கருக்கு 5 டாலருக்கு மிகாமல் வாங்கிக்கொள்ள வழிசெய்தது. புதிய விண்ணப்பங்கள் 1994 முதல் நிறுத்தப்பட்டன. எனினும் அதற்கு முன் அளித்த விண்ணப்பத்தின்படி, எம்மன்ஸ் மலையில் ஏறத்தாழ 155 ஏக்கர் 2004இல் அந்தப் பழைய விலைக்கே தரப்பட்டது. உவமையில் வந்த மனிதர் உள்ளதையெல்லாம் விற்று நிலத்தை வாங்கினார். இங்கே நிலம் ஏறத்தாழ இலவசம்.

ஒரு கடினமான மறுப்பு

எம்மன்ஸ் மலையின் கதையைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் மனச்சான்று ஒரு மறுப்பை எழுப்புகிறது. அம்மலை காப்பாற்றப்பட்டதனால் மாலிப்டினத்தின் தேவை குறைந்ததா? இல்லை. அது வேறொரு மலையிலிருந்து வரும். அங்கே வாழும் மக்களுக்கு வழக்குரைஞர் இல்லாமல் இருக்கலாம். நாளிதழ் இல்லாமல் இருக்கலாம். நாற்பது ஆண்டுகள் காத்திருக்கும் வசதியும் இல்லாமல் இருக்கலாம். வசதியுள்ளவர் தம் மலையைக் காத்துக்கொள்வதும், வசதியற்றவர் மலை வெட்டப்படுவதும் அறத்தின் வெற்றி ஆகுமா?

இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அதன் முடிவு, எல்லா மலைகளையும் வெட்டலாம் என்பதன்று. கிரெஸ்டட் பியூட் மக்கள் கேட்ட கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு எல்லா மலையடி மக்களுக்கும் வேண்டும் என்பதே அதன் சரியான முடிவு. ஓர் ஊருக்கு நீதியாகக் கிடைத்தது மற்றோர் ஊருக்குச் சலுகையாகத் தோன்றுமானால், குறை அந்த நீதியிலன்று, அதன் பற்றாக்குறையில்.

அர்ஜென்டினா நாடு இவ்வகையில் ஒரு முயற்சி செய்தது. ஆந்தீஸ் மலைத்தொடரில் செம்பும் மாலிப்டினமும் மிகுதி. மலையடியிலுள்ள வறண்ட சமவெளிக்கோ பனியாறுகளே நீர்க்களஞ்சியம். 2010இல் அந்நாடு, பனியாறுகளையும் அவற்றைச் சூழ்ந்த உறைநிலங்களையும் கணக்கெடுத்துக் காக்கும் சட்டத்தை இயற்றி, அங்கே சுரங்கத்தைத் தடை செய்தது. வழக்குகள் எழுந்தன, 2019இல் நாட்டின் உச்சநீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அதைத் தளர்த்த வேண்டும் என்ற குரல்களும் பின்னர் வலுத்தன. அவற்றின் பின்னே பேராசை மட்டுமே உள்ளது என்று நாம் சொல்லமாட்டோம். வேலையற்ற இளைஞரின் ஏக்கமும் அங்கே உண்டு. எனினும் தடை செய்யுமுன் கணக்கெடு என்ற அச்சட்டத்தின் நோக்கில் ஞானம் உள்ளது. புதையலைத் தேடுமுன் நிலத்தை அறி என்பதே அதன் சாரம்.

நம் பங்கு

2015இல் திருத்தந்தை பிரான்சிசு படைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடல், பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் ஒன்றே என்னும் கண்ணோட்டத்தில் அமைந்தது. அதற்கு முன்பே, 1987இல், திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் தனியுடைமை அனைத்தின்மீதும் ஒரு சமூகக் கடன் இருப்பதை நினைவூட்டினார். படைப்பின் நன்மைகள் எல்லா மக்களுக்கும் உரியவை என்பது நம் திருச்சபையின் மாறாத படிப்பினை. அந்த எல்லா மக்களுள், பனி உருகி வரும் நீரைக் குடிக்கப்போகும் நாளைய குழந்தைகளும் அடங்குவர்.

எனவே, கண்டவர் எடுக்குமுன் நின்று மூன்றைக் கேட்கவேண்டும். இந்த நிலத்தின் நீரைக் குடிப்போர் அறிந்து, அச்சமின்றி, பசியின் நெருக்கடியின்றி இசைந்தனரா? எஞ்சும் கழிவையும் சுரக்கும் அமிலத்தையும் நாம் போனபின் சுமப்பவர் யார்? இந்த உலோகம் ஏர்முனையாகப் போகிறதா, பீரங்கியாகப் போகிறதா? இம்மூன்றுக்கும் நேரிய விடை உண்டெனில், தோண்டும் கை ஆசி பெற்ற கையே. விடை இல்லையெனில், கண்டதைக் கண்டதாகவே விட்டுவிடும் துணிவு வேண்டும். அறிந்தும் எடுக்காதிருத்தல் அறிவின் தோல்வியன்று. அது ஞானத்தின் தொடக்கம்.

இக்கேள்விகள் நிறுவனங்களுக்கு மட்டும் உரியவையல்ல. கடையில் நாம் கொடுக்கும் விலையில் உலோகத்தின் விலை இருக்கிறது. நிலத்தின் விலை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த மிச்சத்தை எங்கோ ஒரு மலையடியில் யாரோ ஒருவர் நமக்காகச் செலுத்துகிறார். பழைய செம்பை உருக்கி மீண்டும் வார்த்தால் அதன் தரம் குறைவதில்லை. உடைந்த பாத்திரத்தைப் பழைய விலைக்குப் போட்டு எடை பார்த்து வாங்கிய நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தனர். இன்று ஒவ்வொரு வீட்டு இழுப்பறையிலும் பழுதடைந்த கைபேசிகளும் கம்பிகளும் உறங்குகின்றன. அவற்றை முறையாகத் திரும்பச் சேர்ப்பதும், இன்னும் பயன்படும் பொருளை மாற்றத் துடிக்கும் ஆசையை அடக்குவதும், நிலத்தின் விலையில் நாம் செலுத்தத்தக்க சிறு பங்கு.

யோபு நூலின் அந்த மனிதன் மலையின் அடிவேர் வரை சென்று செல்வத்தோடு திரும்பினான். ஞானமோ தோண்டும் இடத்தில் அவனுக்குக் கிடைக்கவில்லை. இறைவனுக்கு அஞ்சி, தீமையை விட்டு விலகுவதிலேயே அது இருப்பதாக அந்நூல் அறிவுறுத்தி முடிக்கிறது. வயலில் ஓர் உளுந்துச் செடியைப் பிடுங்கி, அதன் வேர் முடிச்சுகளைப் பார்ப்போம். உலகம் மலைகளைப் பிளந்து தேடும் உலோகம், கண்ணுக்குத் தெரியாத அளவில், அங்கே அமைதியாகத் தன் பணியைச் செய்துகொண்டிருக்கிறது. தேவையான அளவு, தேவையான இடத்தில், பிறர் உண்பதற்காக. படைத்தவர் பொருள்களைப் பயன்படுத்தும் முறை அதுவே. நாமும் அம்முறையைக் கற்றுக்கொள்ள அவரது அருளை வேண்டுவோம்.